கூடுவாஞ்சேரியில் வீடு, நுங்கம்பாக்கத்தில் வேலை: ரயிலை நம்பலாமா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடுவாஞ்சேரியில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அலுவலகம் நுங்கம்பாக்கம். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931லேயே மின்சார ரயில் ஓடியது என்று யாரோ சொல்லக் கேட்டு, "அவ்வளவு சீக்கிரம் தொடங்கியது ஏன் மும்பை மாதிரி மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று வளரவில்லை? இனியாவது வளருமா? அதை நம்பி வீடு வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு அவசரமாக வேண்டியது கடைசிக் கேள்விக்கான பதில்தான். ஆனால் அதற்கு முதல் கேள்வி வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். குடியிருப்பது குரோம்பேட்டை. அதனால் தண்டவாளம், சிக்னல், மின்கம்பி பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். பணம், நிலம், அரசியல் பற்றிச் சொல்வதெல்லாம் ஓய்வு பெற்ற ஒருவரின் கருத்து. அந்த இடங்களில் "என் கணிப்பு" என்று சொல்லிவிடுகிறேன்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான்: தாம்பரம் வரை ஓடுவது ஒரு ரயில், தாம்பரத்துக்குத் தெற்கே ஓடுவது வேறு ரயில். பெட்டி அதேதான், டிக்கெட்டும் அதேதான், காலுக்குக் கீழே இருக்கும் தண்டவாளத்தின் கணக்குதான் வேறு. நீங்கள் வாங்கப்போகும் வீடு அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது.

சென்னைக்கு ரயில் வந்தது 1856 ஜூலை 1ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. அது அகலப் பாதை, ஐந்தரை அடி. அதற்குப் பிறகு 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், செலவைக் குறைக்க இனிப் பல பாதைகளை ஒரு மீட்டர் அகலத்தில் போடலாம் என்று முடிவானது. தெற்கு நோக்கி, செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாகத் தூத்துக்குடி வரை போன பாதை அந்த முடிவின் கீழ் வந்தது. அதைப் போட்டு ஓட்டியது 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி. மேற்கேயும் வடக்கேயும் போனது வேறு கம்பெனி, வேறு அகலம், வேறு முனையம். எழும்பூரும் சென்ட்ரலும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். வெளியூரிலிருந்து சென்ட்ரலில் இறங்கி, பெட்டி படுக்கையோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டி பூங்கா நிலையத்துக்கு ஓடியவர்கள் எல்லாரும், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைத்தான் நடந்து கடந்தார்கள். இப்போது சுரங்கப்பாதை இருக்கிறது, மெட்ரோ இருக்கிறது. ஆனால் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது.

எழும்பூரின் இப்போதைய சிவப்புக் கட்டடம் 1908இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து கடற்கரை வரை போன துண்டுக்கு முதல் வேலை, துறைமுகச் சரக்கு. கடற்கரை நிலையம் என்ற பெயரை நம்பி இறங்கி, "பீச் எங்கே?" என்று பர்மா பஜாரில் கேட்டு நிற்பவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். அது மெரினா அல்ல. எதிரே இருக்கும் இன்றைய ராஜாஜி சாலை அக்காலத்தில் முதல் கடற்கரைச் சாலை, அதிலிருந்து வந்த பெயர்.

1920களுக்கு வாருங்கள். நகரத்தின் வேலை முழுக்க வடமுனையில் இருந்தது: துறைமுகம், பாரிமுனை, உயர் நீதிமன்றம், வங்கிகள், ஏற்றுமதி கம்பெனிகள். வீடோ தெற்கே நகர ஆரம்பித்திருந்தது. மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் போடப்பட்டது அந்தப் பத்தாண்டில்தான். காலையில் எல்லாரும் வடக்கே, மாலையில் எல்லாரும் தெற்கே. ஒரே கோட்டில் இப்படிக் கூட்டம் போய் வரும் நகரத்துக்கு ரயில் மாதிரிப் பொருத்தமான வாகனம் வேறு கிடையாது. ஆனால் நீராவி எஞ்சின் இந்த வேலைக்கு லாயக்கில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் சுமார் 29 கிலோமீட்டர். இன்றைக்கு அதில் 18 நிலையங்கள். கணக்குப் போட்டால் சராசரியாக 1.7 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். நீராவி எஞ்சின் வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். கடைசியில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், கரி போட வேண்டும். மின்சார ரயிலில் இரண்டு முனையிலும் ஓட்டும் அறை. உந்துவிசை பல பெட்டிகளின் சக்கரங்களில் பிரிந்திருப்பதால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பும்.

அப்படித்தான் 1931 வந்தது. மும்பையில் 1925இல் தொடங்கிய மின்சார ரயிலுக்கு அடுத்து, இந்தியாவில் இரண்டாவதாக அதைப் பெற்ற பெருநகரம் சென்னை. கொல்கத்தாவுக்கெல்லாம் அதற்கப்புறம் கால் நூற்றாண்டு ஆனது. எழும்பூரிலும் மீனம்பாக்கத்திலும் மின்மாற்று நிலையங்கள், மேலே 1,500 வோல்ட் நேர்மின்சாரக் கம்பி. ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். தேதியைத் தேடினால் ஏப்ரல் 2 என்றும் மே 11 என்றும் இரண்டு கிடைக்கும், குழம்ப வேண்டாம். முன்னது தொடக்க விழா, பின்னது பொதுமக்கள் ஏறத் தொடங்கிய நாள் என்றே பொதுவாகச் சொல்வார்கள். வருஷத்தில் சந்தேகமில்லை.

இந்த ரயில் என்ன செய்தது என்பதை எண்களில் பார்ப்பதைவிட ஊர்ப் பெயர்களில் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். தாம்பரம் அப்போது காடும் குன்றுமாக இருந்த இடம். காற்று நன்றாக இருக்கிறது என்றுதான் டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கினார். "சானடோரியம்" என்ற நிலையத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. ஊரைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த இடம் இன்று நெரிசலுக்குப் பேர்போனது, அதை நினைத்தால் சிரிப்பு வரும். 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரம் வந்தது. மின்சார ரயில் வந்து ஆறே வருஷம். பாரிமுனையில் நூறு வருஷம் இருந்த கல்லூரி, ரயில் இல்லாமல் அவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. குரோம்பேட்டையின் பெயர் அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. பல்லாவரம் பட்டாளத்து ஊர். பரங்கிமலையும் அப்படியே. கிண்டியில் 1958இல் தொழிற்பேட்டை வந்ததும், அதுவரை வடக்கே மட்டும் போன காலைக் கூட்டத்தில் ஒரு பகுதி எதிர்த்திசையில் வர ஆரம்பித்தது. ரயில்காரர்களுக்கு இது பெரிய வரம், காலியாகத் திரும்பும் வண்டி பாதியாவது நிறையும். கோடம்பாக்கத்தில் சினிமா ஸ்டூடியோக்கள் வளர்ந்தபோது, அங்கிருந்த ரயில்வே கேட்டில் காத்து நின்ற நட்சத்திரங்களைப் பார்க்கவே ஆட்கள் கூடுவார்களாம். 1960களில் மேம்பாலம் வந்தது, கேட்டும் போனது, வேடிக்கையும் போனது.

ஆக, தொடக்கம் அருமை. பின்னே எங்கே இடறியது?

என் பதில்: மீட்டர் பாதை. 1870களில் செலவு குறைக்க எடுத்த முடிவு, நூற்றுமுப்பது வருஷம் கழித்து 2004 வரை இந்தத் தடத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. அகலப் பாதை மின்ரயில் பெட்டியின் அகலம் 3.66 மீட்டர். மீட்டர் பாதைப் பெட்டி அதைவிட முக்கால் மீட்டருக்குக் குறையாமல் குறுகல். உட்காரும் வரிசையில் ஆள் குறையும், நிற்கும் இடம் அதைவிட மோசமாகக் குறையும். மும்பையின் பாதைகள் பிறவியிலேயே அகலப் பாதை, அதனால் அங்கே பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போக முடிந்தது. இங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. புறநகர் மீட்டர் பாதை மின்ரயில் இந்தியாவில் இந்த ஒரு தடத்தில்தான் ஓடியது. ஒரு ரேக் (பெட்டிகள் கோத்த முழு வண்டி) பழுதானால் வேறு கோட்டத்திலிருந்து கடன் வாங்க வழியில்லை. உதிரி பாகமெல்லாம் இந்த ஒரு ஊருக்காகவே செய்தாக வேண்டும்.

அதே சமயம் ஒரு விஷயத்தில் சென்னை மும்பைக்கு முன்னால் ஓடியது, அதை யாரும் சொல்வதில்லை. 1960களில் தாம்பரத்துக்குத் தெற்கே விழுப்புரம் வரை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் மின்மயமாக்கினார்கள். வடக்கே பழைய 1,500 வோல்ட், தெற்கே 25,000 வோல்ட் என்றால் தாம்பரத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் எஞ்சின் மாற்ற வேண்டும். அதனால் கடற்கரை–தாம்பரத்தையும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் 25,000 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். குறைந்த வோல்ட்டில் அதே சக்தியை அனுப்ப மின்னோட்டம் அதிகம் வேண்டும், தடித்த செம்புக் கம்பி வேண்டும், நெருக்கமாகத் துணைமின் நிலையங்கள் வேண்டும். வோல்ட்டை ஏற்றினால் இவையெல்லாம் இளகும். மும்பை இந்த மாற்றத்தை முழுதாக முடித்தது 2010களில்தான். மின்சாரத்தில் முன்னால், அகலத்தில் பின்னால் என்ற விசித்திரமான நிலையில் நாற்பது வருஷம் இருந்தோம்.

அகலப் பாதையாக்கம் 1990களில் வந்தது. ஒரே ராத்திரியில் பிடுங்கிப் போட முடியாது. லட்சக்கணக்கான பேர் அன்றாடம் போய்வரும் தடம். அதனால் அகலப் பாதையைப் பக்கத்தில் போட்டு, இரண்டையும் சில வருஷம் இணையாக ஓட்டினார்கள். அந்தக் காலத்தில் மாம்பலத்திலோ சைதாப்பேட்டையிலோ ஏறிப் பழகியவர்களுக்கு நினைவிருக்கும், இந்தப் பிளாட்பாரத்தில் சின்ன வண்டி, அந்தப் பிளாட்பாரத்தில் பெரிய வண்டி. படிக்கட்டில் நடுவழியில் நின்று, எது முதலில் வருகிறது என்று பார்த்துக் கூட்டமே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும். எங்கள் சிக்னல் ஆட்களுக்கு அது தூக்கமில்லாத காலம். ஒரே யார்டில் இரண்டு அகலத்துக்கும் பாயிண்ட் (வண்டியைப் பாதை மாற்றிவிடும் அமைப்பு), இரண்டுக்கும் சிக்னல், ஒன்றின் கேபிளை மற்றொன்றுக்குத் தோண்டும்போது வெட்டிவிடுவார்கள். 2004இல் கடைசி மீட்டர் பாதை மின்ரயிலும் நின்றது. அன்றைக்குக் கைதட்டியவர்களும் இருந்தார்கள், கண் கலங்கியவர்களும் இருந்தார்கள். நான் தூங்கப் போனேன்.

இப்போது உங்கள் "மூன்று நிமிஷத்துக்கு ஒரு வண்டி" கேள்விக்கு வருகிறேன், இது என் தொழில். தானியங்கி சிக்னல் இருக்கும் தடத்தில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டில் வண்டி இருந்தால் அதன் பின்னால் இருக்கும் சிக்னல் சிவப்பு, அதற்குப் பின்னது மஞ்சள், அதற்கும் பின்னது இரட்டை மஞ்சள், அப்புறம்தான் பச்சை. துண்டுகளின் நீளத்தைச் சரியாக அமைத்தால், நேர்ப் பாதையில் மூன்று நிமிஷ இடைவெளி ஒன்றும் பெரிய வித்தை அல்ல. தகராறு நடுவழியில் வருவதில்லை, முனைகளில் வருகிறது. 12 பெட்டி வண்டியின் நீளம் கால் கிலோமீட்டர். அது கடற்கரைக்கோ தாம்பரத்துக்கோ வந்து, ஆட்கள் இறங்கி, ஏறி, மறுமுனையில் மோட்டார்மேன் உட்கார்ந்து, எதிர்ப் பாதைக்குக் குறுக்கே தாண்டி வெளியேற வேண்டும். அந்தக் குறுக்கு நகர்வு நடக்கும் நேரத்தில் உள்ளே வர வேண்டிய வண்டி வெளியே நிற்கும். ஒரு பிளாட்பாரம் கூடுதலாக இருந்தால் எத்தனை நிமிஷம் மிச்சம் என்பதில்தான் கால அட்டவணையே இருக்கிறது. வெளியூர் விரைவு வண்டிகள் தாம்பரத்திலிருந்து கிளம்பத் தொடங்கியதும் அந்த யார்டின் வேலை இரண்டு மடங்கானது. எழும்பூருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது, தாம்பரத்துக்கு மூச்சு முட்டியது.

இரண்டாவது, பாதை யாருடையது என்ற கேள்வி. எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மெதுவழிப் பாதை இரண்டும் புறநகர் வண்டிக்கே. பக்கத்தில் இருக்கும் விரைவுப் பாதைகளில் பாண்டியன், நெல்லை, பொதிகை, வைகை என்று தெற்கே போகும் அத்தனை வண்டியும் போகின்றன. கூட்ட நேரத்தில் சில 'ஃபாஸ்ட்' லோக்கல்களும் அவற்றின் நடுவே நுழைந்து ஓடும். காலையில் வெளியூர் வண்டிகள் ஊருக்குள் வரும் நேரமும், நீங்கள் அலுவலகம் போகும் நேரமும் ஒன்றே. கன்னியாகுமரியிலிருந்து வரும் வண்டி இருபது நிமிஷம் தாமதமானால், ஃபாஸ்ட் லோக்கல் அதற்கு வழிவிட்டு நிற்கும். ஆனால் மெதுவழி வண்டி பெரும்பாலும் தன் பாட்டுக்குப் போகும். அதனால்தான் இத்தனை வருஷப் பயணிகள் ஃபாஸ்ட்டைப் பார்த்து ஆசைப்படாமல் ஸ்லோவிலேயே ஏறி உட்காருகிறார்கள்.

இரண்டு பாதையும் ஒரே மாதிரி கட்டப்பட்டவை அல்ல என்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 2018 ஜூலையில் கோடம்பாக்கம் பக்கம் மின்கம்பி அறுந்து, மெதுவழி வண்டியை விரைவுப் பாதைக்குத் திருப்பிவிட்டார்கள். வண்டியில் அளவுக்கு மீறிய கூட்டம், படியில் ஆட்கள். பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த காங்கிரீட் சுவரில் மோதி விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். மெதுவழியில் அன்றாடம் தொங்கிப் போய்ப் பழகியவர்களுக்கு அந்தச் சுவர் அங்கே இருப்பது தெரிய வழியில்லை. படியில் தொங்காதீர்கள் என்று நான் யாருக்கும் சொன்னால் அது வெறும் அறிவுரை இல்லை.

கடற்கரை–எழும்பூர் பகுதியில் வெகுகாலம் மூன்றே பாதைகள் இருந்தன. நாலாவதைப் போட 4.3 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு பக்கம் கோட்டை, ஒரு பக்கம் கூவம், நடுவே சென்ட்ரல், பக்கத்தில் பறக்கும் ரயில். இடம் எடுக்கப் பறக்கும் ரயிலையே கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் 2023 ஆகஸ்டில் நிறுத்தி, 2024 அக்டோபர் கடைசியில்தான் மறுபடி விட்டார்கள். நான்கு கிலோமீட்டர் பாதைக்குப் பதினாலு மாதம் ஒரு தடத்தையே மூட வேண்டியிருந்தது என்றால், நகருக்குள் இனி ஐந்தாவது, ஆறாவது பாதை என்று யாராவது சொன்னால் எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பறக்கும் ரயிலே நல்ல பாடம்தான். 1995இல் தொடங்கி, 2007இல் வேளச்சேரி வந்து, அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர் துண்டு, கடைசி அரைக் கிலோமீட்டரின் நிலச் சிக்கலில் வருஷக்கணக்காக நின்றது.

இனி உங்கள் வீட்டுப் பக்கம். தாம்பரம் தாண்டினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், அப்புறம் கூடுவாஞ்சேரி. இங்கே இருப்பது மூன்று பாதைகள். மூன்றாவது முடிந்தது 2020களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் இரண்டே பாதையில், ஊரிலிருந்து வரும் விரைவு வண்டியும் சரக்கு வண்டியும் உங்கள் லோக்கலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது வந்ததால் நிலைமை இளகியிருக்கிறது, தனிப் பாதை கிடைத்துவிடவில்லை. ஒற்றைப்படைப் பாதையில் ஒரு பிரச்னை உண்டு. மூன்றாவதைக் காலையில் வடக்கே விடுவதா, தெற்கே விடுவதா என்று ஒவ்வொரு நாளும் கட்டுப்பாட்டு அறையில் யாரோ ஒருவர் தீர்மானிக்கிறார். அவருக்கு உங்கள் மீது பகை எதுவும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் ஆயிரத்துச் சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓடி வந்த விரைவு வண்டி நிற்கிறது, இன்னொரு பக்கம் லோக்கல் நிற்கிறது. எதை முதலில் விடுவார் என்று நினைக்கிறீர்கள்?

அந்தப் பக்கம் ஊர் வளர்ந்த வேகத்துக்கு ரயில் ஈடுகொடுக்கவில்லை என்பது கண்ணால் பார்க்கிற உண்மை. மறைமலைநகர் திட்டமிட்டுக் கட்டிய துணைநகரம். கார்த் தொழிற்சாலை வந்தது, பரனூருக்குப் பக்கத்தில் மகேந்திரா சிட்டி வந்தது, பொத்தேரியில் பல்கலைக்கழகம் வந்தது. 1931இல் ரயில் முதலில் வந்து ஊர் பின்னால் வந்தது. இங்கே ஊர் முதலில் வந்து ரயில் பின்னால் ஓடுகிறது. கிளாம்பாக்கத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. தென்மாவட்டப் பேருந்துகள் அத்தனைக்குமான முனையத்தை 2023 டிசம்பரில் ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே திறந்தார்கள், ரயில் நிலையம் இல்லாமல். திறந்தபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போனால்தான் ரயில் என்ற நிலை. பேருந்து முனையத்தின் வரைபடத்தோடு ஒரு நிலையத்தையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் எந்தத் துறை எந்தத் துறையைக் கேட்டிருக்க வேண்டும் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.

2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை–செங்கல்பட்டு நடுவே ஏசி மின்ரயில் ஓடுகிறது, 12 பெட்டி, பெரம்பூர் ஐ.சி.எஃப். தயாரிப்பு. கதவு தானாக மூடும், தொங்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குப் பிடித்திருக்கிறது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை 105. சாதாரண வண்டியில் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது, கடற்கரையிலிருந்து தாம்பரமே பத்து ரூபாய். வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்து இந்த வித்தியாசத்தையும் மாதக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏசி வண்டி புதுப் பாதையில் ஓடவில்லை, இருக்கிற பாதையில் ஒரு வண்டியின் இடத்தை எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறது. அதன் நேரம் உங்களுக்குப் பொருந்தினால் லாபம், பொருந்தாவிட்டால் அந்த நேரத்தில் ஒரு சாதாரண வண்டி குறைந்த மாதிரி.

இனி வளருமா? என் கணிப்பு இது. தாம்பரத்துக்கு வடக்கே பெரிதாக மாறாது. சிக்னலும் பெட்டியும் இன்னும் கொஞ்சம் மேம்படும். கிண்டியிலும் பரங்கிமலையிலும் எழும்பூரிலும் மெட்ரோ சேர்ந்ததால், கூட்டத்தில் ஒரு பங்கு அங்கே போய்க்கொண்டிருக்கிறது. தெற்கே நாலாவது பாதை வந்தால்தான் உண்மையான மாற்றம். நாலு பாதை இருந்தால் இரண்டை லோக்கலுக்கென்று ஒதுக்க முடியும், அன்றைக்குத்தான் கூடுவாஞ்சேரிக்குத் தாம்பரத்தின் ரயில் வரும். அது எந்த வருஷம் என்று உங்களுக்கு ஃபிளாட் விற்பவர் துல்லியமாகச் சொல்வார். நான் இத்தனை வருஷம் ரயில்வேயில் இருந்ததால் சொல்ல மாட்டேன்.

வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. என் தம்பி மகள் ஊரப்பாக்கத்திலிருந்து சேத்துப்பட்டு வரை தினமும் போய்வருகிறாள், பெண்கள் பெட்டியில் அவளுக்கு ஒரு கூட்டமே இருக்கிறது. காலையில் ஒருத்தி இடம் பிடிப்பாள், ஒருத்தி பூ தொடுப்பாள், சம்சா வந்தால் பங்கு போடுவார்கள். அவள் செய்கிற தந்திரம் உங்களுக்கும் உதவும்: தெற்கேயிருந்து வரும் வண்டியில் இடம் இல்லையென்றால் தொற்றிக்கொண்டு தாம்பரம் வரை வந்து, அங்கே இறங்கி, தாம்பரத்திலிருந்தே கிளம்பும் மெதுவழி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கால் மணி நேரம் கூடும், கால்வலி குறையும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டாம். அன்றைக்குக் கூட்டம் இருக்காது, பராமரிப்புக்காகப் பாதி வண்டி ரத்தாகியும் இருக்கும், இரண்டுமே உங்களை ஏமாற்றும். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை எட்டு மணி வண்டியில் கூடுவாஞ்சேரியில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்குங்கள். எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். மூன்று நாளில் ஒரு நாளாவது மழை பெய்தால் இன்னும் நல்லது.